அடித்து எழுதிய கட்டம்

"இருந்தது டீச்சர். கண்ணு முன்னாடியே இருந்தது. எனக்குத் தெரியலை."

நசீமா நாற்காலியைக் காட்டினார்.

பொன்னுரங்கம் உட்காரவில்லை.

"எது?" என்றார் நசீமா.

"மந்திரி. கறுப்பு மந்திரி."

"எங்கே?"

மேசையில் காய்கள் இல்லாத பலகை கிடந்தது. பொன்னுரங்கம் எதிர்ப்பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டார். அங்கிருந்து மூலைவிட்டமாக விரலை இழுத்துக்கொண்டு வந்து, தன் பக்கத்து ஓரத்துக்கு ஒரு கட்டம் முன்னால் நிறுத்தினார். கீழே தையல் கடையில் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பலகை அதிர்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு நாற்பத்தெட்டு வயது. ரயில் ஓட்டுகிறவர். நசீமாவுக்கு முப்பத்திரண்டு. தையல் கடைக்கு மேலே ஓர் அறையில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறவர்.

பொன்னுரங்கத்தை உடன் ஆடும் நண்பர் ஒருவர்தான் இங்கே அனுப்பியிருந்தார். "திட்ட மாட்டாங்க. பாராட்டவும் மாட்டாங்க. சும்மா எதிர்ல உட்கார்ந்திருப்பாங்க. அதுவே கொஞ்சம் பயமா இருக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"உட்காருங்க சார். ஆட்டத்தைச் சொல்லுங்க."

பொன்னுரங்கம் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை. கடைசி ரவுண்டு. எதிர்ல ஒரு மருந்துக்கடைக்காரர். ஆட்டம் சமமாத்தான் போயிட்டிருந்தது. அவர் ராணி என் ராஜாவுக்கு நேர் எதிர்ல நிக்குது. அது தனியா ஒண்ணும் பண்ண முடியாது. அப்ப அவர் மந்திரியைக் கொண்டுவந்து இங்க வச்சார். ராணிக்குத் துணை. மந்திரியோட வழியில என் குதிரை மட்டும்தான் மறைச்சிட்டு நிக்குது."

"ம்."

"நான் அந்தக் குதிரையை எடுத்துட்டேன்."

நசீமா பலகையைப் பார்த்தார்.

"ஒரே நகர்த்தல். மேட். அவராலேயே நம்ப முடியலை. ராணியைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை என் மூஞ்சியைப் பார்த்தார். ஏதோ பொறி வச்சிருக்கேன்னு நினைச்சார் போல. அப்புறம் மெதுவா, மன்னிப்புக் கேக்குற மாதிரி, 'மேட் சார்'னார்."

"அப்பவாவது தெரிஞ்சுதா?"

"இல்லை. ராணியை ராஜாவால வெட்டலாமேன்னு கையை நீட்டினேன். அவர் விரலை வச்சுக் காட்டினார். அப்பதான் அந்த மந்திரி அங்க வந்தது."

அவர் நிறுத்தினார். தான் சொன்னது தனக்கே கேட்டது போல இருந்தது அவர் முகம்.

"வந்த மாதிரி இருந்தது" என்று திருத்தினார்.

*

"தோத்ததுக்காக வந்தீங்களா?"

"தோக்குறது புதுசா டீச்சர்? இருபத்தேழு வருஷமா ஆடுறேன். ஒரு கோப்பை கிடையாது. என் வீட்டுல செஸ் போர்டுக்கு மேலதான் அப்பளம் காயப்போடுறாங்க."

நசீமா சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இது லெட்டர். வண்டி ஓட்ட எனக்குத் தகுதியில்லை, வேற வேலை குடுங்கன்னு நானே எழுதியிருக்கேன். காய்ச்சல்னு லீவு போட்டுட்டு வந்திருக்கேன். வியாழக்கிழமை காலைல பத்தே முக்காலுக்கு டூட்டி. வண்டியில ஏறணும், இல்லைன்னா இதைக் குடுக்கணும்."

நசீமா தாளைத் தொடவில்லை.

"எனக்குப் பின்னாடி ஆயிரத்து இருநூறு பேர் உட்கார்ந்திருப்பாங்க. சாப்பிட்டுக்கிட்டு, தூங்கிக்கிட்டு. ஒரு மந்திரியைப் பார்த்துட்டே பார்க்காம இருந்தவன், ஒரு சிக்னலைப் பார்த்துட்டே பார்க்காம இருக்க மாட்டானா?"

"கண் டாக்டரைப் பார்த்தீங்களா?"

"நேத்தே போனேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன். வலது கண், இடது கண், நிறம், எல்லாம் சரியா இருக்குன்னார். வெளியே வந்து படிக்கட்டுல உட்கார்ந்துட்டேன். எழுந்திருக்கவே முடியலை."

"ஏன்?"

"கண்ணுல கோளாறுன்னா கண்ணாடி போட்டுக்கலாம்."

கீழே இயந்திரங்கள் நின்றன. யாரோ நூல் கண்டு கேட்டார்கள். மறுபடி ஓடத் தொடங்கின.

"எங்கப்பா அறுபது வயசுல சாவியை மறந்தார். அப்புறம் தெருவை. அப்புறம் என்னை. 'தம்பி நீங்க யாரு வீட்டுப் பிள்ளை'ன்னு கேட்டார். ரொம்ப மரியாதையாக் கேட்டார்."

அவர் மடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இது யாருக்கும் வர்ற கவனக்குறைவா, இல்லை என் தலைக்குள்ள ஆரம்பிச்சிடுச்சா?"

"எனக்குத் தலை தெரியாது. சதுரங்கம்தான் தெரியும்."

"அதைப் பார்த்தாவது சொல்லுங்க."

*

போட்டிகளில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு நகர்த்தலையும், காயின் பெயரும் அது போய் நிற்கும் கட்டத்தின் எழுத்தும் எண்ணுமாக, ஒரு தாளில் எழுதிக்கொண்டே ஆட வேண்டும். தன்னுடையது இடது கட்டத்தில் என்றால் எதிராளியுடையது வலது கட்டத்தில். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாள் மிஞ்சும். தோற்றவர்கள் அதை வைத்துக்கொண்டு உட்கார்வார்கள்.

பொன்னுரங்கம் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். கோடு போட்ட வெள்ளைத் தாள். நீல மையில் நகர்த்தல்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில், கைபேசியில் உள்ள சதுரங்கக் கணினி போட்ட மதிப்பெண்.

நசீமா மேலிருந்து கீழே வரை படித்தார்.

"நல்ல கையெழுத்து."

"மூணு தடவை எழுதினேன் டீச்சர். அடித்தல் திருத்தல் இல்லாம வரணும்னு. கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னா, இருபத்திரண்டு வரைக்கும் சமம். இருபத்து மூணுல செத்தேன்."

"ஏன்னு சொல்லுதா?"

"அது எப்படிச் சொல்லும்?"

நசீமா தாளைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"ஆடுறப்போ எழுதின தாள் எங்கே?"

"வீட்டுல இருக்கு. கசங்கிப்போச்சு. டீ வேற சிந்திடுச்சு. அதுல இருக்கிறதுதான் இதுலயும் இருக்கு."

"நாளைக்கு அதைக் கொண்டு வாங்க."

"நாளைக்குப் புதன். வியாழன் காலைல எனக்கு..."

"தெரியும்."

பொன்னுரங்கம் எழுந்தார். கடிதத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். கதவருகே போனபோது நசீமா கேட்டார்.

"சிக்னலை எப்படிப் பார்ப்பீங்க?"

"எப்படின்னா?"

"செஞ்சு காட்டுங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றார். வலது கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினார். ஆள்காட்டி விரலால் எதிர்ச்சுவரைக் காட்டினார்.

"பச்சை!"

குரல் மாறியிருந்தது. அறைக்கு அது பெரிய குரல். கீழே ஒரு இயந்திரம் நின்றது.

"இப்படிக் கையை நீட்டி, வாயால சொல்லணும். பக்கத்துல உதவி ஓட்டுநர் இருப்பாங்க. என்கூட மெர்லின்னு ஒரு பொண்ணு. ரெண்டு வருஷமா என்கூடத்தான். அவங்களும் பார்த்துட்டு, கையை நீட்டி, 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும். ஒருத்தர் தப்பாப் பார்த்தாலும் இன்னொருத்தர் பிடிச்சிடலாம்."

"யார் முதல்ல?"

"பெரும்பாலும் நான்தான்."

"எந்த இடத்துல பயம்?"

பொன்னுரங்கம் உடனே சொன்னார். வேறு எதைப் பற்றியும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் நினைத்திருக்கவில்லை.

"பாறை வளைவு. குடைஞ்ச பாறைக்கு நடுவுல தண்டவாளம் திரும்பும். திரும்பி முடிக்கிற வரைக்கும் சிக்னல் தெரியாது. தெரிஞ்சா எட்டு விநாடியில தாண்டிடுவோம். அங்க மஞ்சள் இருந்தா அங்கேயே பிரேக்கைத் தொடணும். தொடலைன்னா அடுத்த சிவப்புல வண்டி நிக்காது."

"மஞ்சள் இருந்திருக்கா?"

"எங்க வண்டிக்கு எப்பவும் வழி விட்டுடுவாங்க. பதினோரு வருஷம். நாள் தவறாமப் பச்சை. ஒரு தடவைகூட நான் அங்க மஞ்சள் பார்த்ததில்லை."

நசீமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நாளைக்கு நாலு மணிக்கு" என்றார்.

*

அசல் தாள் எட்டாக மடித்திருந்தது. தேநீர்க் கறை ஒரு மூலையில். நசீமா அதைப் பிரித்து, பொன்னுரங்கத்துக்குத் தெரியாதபடி தன் மடியில் வைத்துக்கொண்டார். காய்களை அடுக்கினார்.

"நீங்க வெள்ளை. நான் மருந்துக்கடைக்காரர். முதல்லேருந்து ஆடுவோம்."

"தாளைப் பார்க்காமலா?"

"உங்களுக்குத் தாள் வேணுமா?"

வேண்டியிருக்கவில்லை. நான்கு நாளில் நாற்பது முறை ஆடிப் பார்த்துவிட்டார்.

முதல் ஐந்து நகர்த்தல்கள் சத்தமில்லாமல் போயின.

"இது ஏன்?"

"இப்படித்தான் ஆடுவேன். இருபது வருஷமா."

ஏழு. எட்டு.

"இது?"

"நீங்க அங்க வைப்பீங்க. அதுக்காக."

"வைப்பேனா?"

"எல்லாரும் அங்கதான் வைப்பாங்க."

நசீமா அங்கேதான் வைத்தார். மருந்துக்கடைக்காரரும் அங்கேதான் வைத்திருந்தார்.

பதினொன்று. பதினான்கில் ஒரு குதிரைக்கு ஒரு குதிரை வெட்டுப்பட்டது.

"இது ஏன்?"

"பயம்" என்றார் பொன்னுரங்கம். சொன்ன பிறகு வியந்தார். "நல்ல மூவ் இல்லை. அந்தக் குதிரை என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தது. தாங்கலை."

"இது நல்ல மூவ்தான்" என்றார் நசீமா.

பதினெட்டு. பத்தொன்பது. நசீமாவின் ராணி பலகையின் குறுக்கே போய் வெள்ளை ராஜாவுக்கு எதிரே நின்றது. இருபத்தொன்று.

பொன்னுரங்கம் உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"இங்க எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"இருபது நிமிஷம். எல்லாத்தையும் கணக்குப் போட்டேன். இப்ப நான் யானையை நடு வரிசைக்குக் கொண்டு வருவேன். நீங்க உங்க யானையை அதுக்கு எதிர்ல வைப்பீங்க. உடனே என் குதிரை முன்னாடி தாவி உங்க ராணியை மிரட்டும். ராணி ஓடணும். ஓடினா எனக்கு ஆட்டம்."

"நான் யானையை வைக்கலைன்னா?"

"வைப்பீங்க. அதுதான் அங்க சரி."

"ஆடுங்க."

பொன்னுரங்கம் யானையை நடு வரிசைக்கு நகர்த்தினார். இருபத்திரண்டு.

நசீமா கையைத் தூக்கினார். கை பலகைக்கு மேலே வந்தது. கறுப்புக் காய்களுக்கு மேலே, எதையும் தொடாமல், நின்றது.

கீழே இயந்திரங்கள் ஓடின. காய்கள் லேசாக ஆடின.

பொன்னுரங்கம் குதிரையை எடுத்தார். முன்னால் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது.

நசீமாவின் கை அப்படியே அந்தரத்தில் இருந்தது.

"நான் இன்னும் ஆடலை" என்றார்.

பொன்னுரங்கம் பலகையைப் பார்த்தார். கறுப்பில் எதுவும் நகர்ந்திருக்கவில்லை. மந்திரி தன் பழைய கட்டத்திலேயே இருந்தது. யானையும்.

சிரித்தார். குதிரையை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

"தெரிஞ்ச ஆட்டம்தானே டீச்சர். என்ன வரப்போகுதுன்னு தெரியும். அதான் கை தானாப் போயிடுச்சு."

"ஞாயித்துக்கிழமை தெரிஞ்ச ஆட்டமா?"

"அது எப்படி, அன்னைக்குத்தான் முதல் தடவையா..."

நசீமா மடியிலிருந்த தாளைப் பலகையின் மேல் விரித்தார். சில காய்கள் சாய்ந்தன. ஒரு விரலை ஒரு கட்டத்தில் வைத்தார்.

இருபத்திரண்டாவது வரி. வலது கட்டம். எதிராளியின் நகர்த்தலை எழுதும் இடம்.

அங்கே ஒரு நகர்த்தல் எழுதி, அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோட்டின் கீழே அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. யானை, டி எட்டு. நல்ல, நிதானமான கையெழுத்து. அதற்கு மேலே, இடமில்லாமல், சின்னதாக நெருக்கி எழுதியிருந்தது: மந்திரி, பி ஏழு.

அடுத்த வரியில் குதிரை. அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. அடித்திருந்த யானையின் அதே நிதானமான கையெழுத்து.

பக்கத்தில், கடிகாரத்தில் மிச்சமிருந்த நேரம். பொன்னுரங்கம் எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவர். இருபத்திரண்டாவது நகர்த்தலுக்குப் பிறகு நாற்பத்தோரு நிமிடம். இருபத்து மூன்றாவதுக்குப் பிறகு நாற்பத்தோரு நிமிடம்.

பொன்னுரங்கம் அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எங்க காலத்துல அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க" என்றார் கடைசியில். "முதல்ல எழுது, அப்புறம் காயைத் தொடுன்னு. அவசரப்படாம இருக்கிறதுக்கு. இப்பதான் அது கூடாதுன்னு விதி வந்துடுச்சு. பழக்கம் போகலை."

"உங்க மூவை எழுதச் சொன்னாங்க. அவரோட மூவையுமா?"

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவர் யோசிச்சிட்டிருந்தார். நான் சும்மா இருந்தேன். பேனா கையில இருந்தது" என்றார்.

"இதை அடிச்சது யார்?"

"நான்."

"மேலே எழுதினது?"

"என் கையெழுத்துதான்."

"எதைப் பார்த்து எழுதினீங்க?"

"மந்திரியைப் பார்த்து."

கீழே இயந்திரங்கள் நின்றன. இந்த முறை எல்லாமே நின்றன. யாரோ மின்சாரம் போய்விட்டது என்று சொன்னார்கள்.

பொன்னுரங்கத்தின் முகத்தில் மெல்ல ஏதோ இளகியது. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"அப்போ பார்த்திருக்கேன்."

நசீமா சாய்ந்த காய்களை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார்.

"பார்த்து, எழுதி, திருத்தியிருக்கேன். கண்ணுல குறையில்லை. தலையிலயும் இல்லை. முன்னாடியே முடிவு பண்ணிட்டேன், அவ்வளவுதான். இது நோய் இல்லை டீச்சர். கெட்ட பழக்கம். செஸ்ஸுல எல்லாருக்கும் வர்றதுதான். இல்லையா?"

ராணி. யானை. யானை. காய்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

பொன்னுரங்கத்தின் கண்கள் ஈரமாகியிருந்தன. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"கிழிச்சிடலாம்ல?"

நசீமா பெட்டியை மூடினார்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலை சார்" என்றார்.

அதன் பிறகும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொன்னுரங்கம் காத்திருந்தார். பிறகு கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

*

வியாழக்கிழமை வெயில் நன்றாக அடித்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சா சார்?" என்றாள் மெர்லின். "ஆளு பளிச்சுனு இருக்கீங்க."

"விட்டுடுச்சு."

"மாத்திரையிலயா, செஸ்ஸுலயா?"

"யார் சொன்னா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை தோத்தா திங்கக்கிழமை காய்ச்சல். இது ஊருக்கே தெரியும் சார்."

பொன்னுரங்கம் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு நாட்களில் முதல் தடவை.

வண்டி கிளம்பியது. ஊர் முடிந்தது. தண்டவாளம் நேராகக் கிடந்தது. தூரத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கையை நீட்டினார்.

"பச்சை!"

"பச்சை, சார்!"

கம்பம் கடந்து போனது. சரியாகத்தான் இருந்தது. அடுத்ததும் சரியாக இருந்தது. அதற்கடுத்தது இரட்டை மஞ்சள். பார்த்தார். சொன்னார். மெர்லின் சொன்னாள். வேகத்தைக் குறைத்தார். ஒரு சரக்கு வண்டி ஒதுங்கி நின்றது. மறுபடி பச்சை.

கண் பார்க்கிறது. வாய் சொல்கிறது. எல்லாம் அதனதன் வேலையைச் செய்கின்றன. சட்டைப் பையில் கடிதம் இருந்தது. இறங்கியதும் கிழித்துவிட வேண்டும் என்று நினைத்தார்.

பாலம் வந்தது. பாலத்துக்குப் பின் கேட். கேட்டில் இரண்டு பைக்குகள், ஒரு டிராக்டர். அதற்குப் பிறகு நிலம் உயர்ந்தது. இரு பக்கமும் பாறை எழுந்தது. சக்கரச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வந்தது.

வண்டி வளைவில் நுழைந்தது.

பொன்னுரங்கத்தின் கை முன்னால் நீண்டிருந்தது.

அவர் நீட்டவில்லை. நீட்டியதாக நினைவில்லை. தோள் உயரத்தில், ஆள்காட்டி விரல் முன்னே, கை அங்கே இருந்தது. வாய் திறந்திருந்தது. சொல் நாக்கின் நுனி வரை வந்திருந்தது.

அவர் விரலின் நேரே பார்த்தார்.

பாறை இருந்தது. வெடிவைத்த துளைகளின் தடம். பாறை இடுக்கில் ஒரு சின்னச் செடி. பதினோரு வருடத்தில் அந்தச் செடியை அவர் பார்த்ததில்லை.

வேறு எதுவும் இல்லை. வளைவு இன்னும் திரும்பவில்லை.

வாயை மூடினார். பதினோரு வருடம். தினமும்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"பச்சை, சார்!" என்றாள் மெர்லின்.

அவர் திரும்பினார். அவள் கையும் நீண்டிருந்தது. தோள் உயரத்தில், விரல் முன்னே, அவர் சொல்லிக்கொடுத்தபடியே. அவள் முகத்தில் எந்தச் சந்தேகமும் இல்லை. அவள் விரலின் முனையிலும் பாறைதான் இருந்தது.

பொன்னுரங்கத்தின் இடது கை பிரேக்கின் பிடியைத் தேடிப் பற்றியது.

"எங்கே?" என்றார்.